ஹேண்டில் பூட்டாமல் விடவும்

இரணியல் ரயில் நிலையத்துக்கு வெளியே
என் வண்டிக் காப்பகத்தின் தகரப் பலகையில்
கட்டணத்தைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது இந்த வரிதான்.
காரணம் கேட்பவர்களுக்கு மரத்தைக் காட்டுவேன்.

காலையில் நிழல் மேற்கே மதிலோரம் கிடக்கும்.
பதினொன்றுக்குச் சுருங்கி அடிமரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.
மூன்று மணிக்குக் கிழக்கே, பெட்டிக்கடை வாசல்வரை.
நான் அதன் பின்னாலேயே
ஸ்டாண்டைத் தட்டித் தட்டி வண்டிகளை உருட்டிப் போவேன்,
நாளொன்றுக்கு அறுபது, எழுபது.
திருவனந்தபுரத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள்
சாவியைப் போட்டு ஏறி உட்கார்ந்து போய்விடுவார்கள்.
சீட்டு ஏன் சுடவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை.
பூட்டிப் போனவர்களுக்குச் சுடும்.
அவர்கள் கேட்பார்கள்.

மணிமருது.
நாற்றங்காலில் பதினைந்து ரூபாய்.
அஞ்சாம் வருஷம் பூத்திரும் அக்கா என்றான் கொடுத்த பையன்.
மூன்றடி தோண்டுவதற்குள்
சரளையில் கடப்பாரை பட்டுப் பொறி பறந்தது.
சாணம் நான் போட்டேன்.
குளச்சலில் இருந்து வரும் செபஸ்தியம்மாள்
மீன்கூடை கழுவின தண்ணீரைத் தன்பாட்டில் ஊற்றிவிட்டுப் போக,
பிறகு ஒரு மாதம் நாய்களோடு மல்லுக்கட்டு.
ஆட்டுக்கு முள்கம்பி.
மாசி பங்குனியில் தினம் இரண்டு குடம்,
டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயில்,
கேட்டும் கேட்காமலும் பிடித்தது.

ஒக்கி அடித்தபோது அதற்கு என் உயரம்கூட இல்லை.
முந்தின சாயந்திரம் காற்றின் சத்தம் சரியில்லை என்று
ஒரு பழைய பைக் டியூபால்
கம்போடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றியிருந்தேன்.
விடிந்து பார்த்தால்
ரப்பர் தோட்டம் முழுவதும் ஒரே பக்கமாக
வாரிவிட்ட தலைபோல் படுத்துக் கிடக்கிறது.
இது மட்டும் சாய்ந்து நிற்கிறது,
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி.

காப்பாற்றிய டியூபை அவிழ்க்க மறந்துபோனேன்.
மறுவருஷம் கை வைத்தபோது
பட்டை அதைப் பாதி தின்றிருந்தது.
பிளேடால் கீறி எடுத்தது கொஞ்சம்,
மிச்சம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.
அரைஞாண் கட்டிய தடம்போல ஒரு வளையம்.
யாரும் பார்க்காதபோது அதைத் தடவிக்கொள்வேன்.

அஞ்சு வருஷம் ஆனது. ஏழும் ஆனது.
இலை, இலை, இலை.
தை மாதம் சிவந்து உதிரும்,
விளக்குமாறு தேயும்.
பூக்காத மரத்துக்கா இந்தப் பாடு என்றார் தபால் ஆபீஸ் றசல்.
பூவுக்கா வச்சேன், நிழலுக்குத்தானே என்றேன்.
பொய்.

ஒரு மாசியில்
மின்வாரியத்து சுயம்பு ஏணியைச் சாய்த்து
கம்பியில முட்டுது என்று
தலை முழுவதையும் இறக்கிவிட்டான்.
அன்று நான் பேசியதை இங்கே எழுத முடியாது.
தார்ப்பாய் கட்டினேன், அது கிழிந்தது.
அந்தக் கோடையில் எல்லார் சீட்டும் சுட்டது.

வைகாசி பிறந்த வாரம்
வெட்டின நுனி ஒவ்வொன்றிலும் புதுக்கிளை,
கிளை முனையில் கதிர்,
கதிர் முழுக்கச் சின்னப் பம்பரம்போல் மொட்டு.
துவைத்து இஸ்திரி போடாத துணிபோல
கசங்கிக்கொண்டே விரிந்தது ஊதா.
புதுத்தளிரில்தான் பூக்குமாம் இது,
எனக்கு யார் சொன்னார்கள்?

சுயம்புவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று நாள் அவன் வண்டிக்குக் காசு வாங்கவில்லை.
நாலாம் நாள் வாங்கினேன்.

இப்போது புகார் வேறு விதம்.
மழையில் ஊறிய இதழ் ஒட்டி
வெள்ளை ஸ்கூட்டரில் கறை விழுகிறதாம்.
நிழல் போதும், பூ வேண்டாம் என்கிறாள்
வங்கியில் வேலை பார்க்கும் லீனா றோஸ்.
ஒரு பழந்துணி நனைத்துக் கொடுப்பேன்.
முணுமுணுத்துக்கொண்டே துடைப்பாள்,
ஒரு கொத்தைக் கண்ணாடியில் செருகியபடி போவாள்.

அடிமரத்தை ஒட்டி ஒரு கறுப்பு பைக் நிற்கிறது,
டோக்கன் நாற்பத்துமூன்று,
பதினோரு மாதமாக.
ஹேண்டிலைப் பூட்டிப் போயிருக்கிறான்.
முகம் நினைவில்லை. டயர் இரண்டும் தரையோடு தரை.
நகர்த்த முடியாது. நிழலே
பத்து மணிவாக்கில் அதைத் தேடி வந்து
இரண்டு மணிவரை இருந்துவிட்டுப் போகும்.
ஆக்கர்காரன் இரண்டு தடவை விலை கேட்டுவிட்டான்.

இதுவரை மூவாயிரத்து நானூறு ரூபாய் ஆகிறது.
நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.